ஊமைப் படமும் ஒரு 'பே'யும்

அத்தியாயம் 5

டி.வி.யில் ஒரு பெண் ஓடி வந்தாள். கதவுப் பூட்டில் சாவியைச் செருகினாள், திருப்பினாள். அவள் முதுகு கதவை முக்கால்வாசி மறைத்துவிட்டது. பின்னால் நின்ற பெண்களெல்லாம் வாயைத் திறந்து எதையோ கத்தினார்கள். என்ன கத்தினார்களோ, டி.வி.யிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. அடுத்த விநாடி படம் குலுங்கி, தரையும் செருப்புகளும் புகையுமாகக் கொஞ்ச நேரம் ஓடியது. படம் பிடித்தவளும் ஓடியிருக்கிறாள் என்று புரிந்தது.

ஸ்பீக்கர் எழுந்து போய் டி.வி.யின் மண்டையில் இரண்டு தட்டு தட்டினான்.

"தட்டாதே. வாடகை டி.வி.," என்றாள் அண்ணி.

"சொந்த டி.வி.யா இருந்தா நான் ஏன் அண்ணி தட்டப் போறேன்?"

இவன் அவளுடைய கணவனின் தம்பி. வயது நாற்பது. ரகசியம் பேசினாலே மூன்று வீடு தள்ளிக் கேட்கும் தொண்டை, அதனால் ஸ்பீக்கர். அவளோ பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் மேலதிகாரியே ஒரு பொய்க் கணக்கோடு வந்து நின்றதும், வேலையை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடை மாடியில் இந்த ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்துவிட்டாள். ஸ்பீக்கர் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் ஊரே அவளுக்கு அண்ணி என்று பெயர் வைத்துவிட்டது. போலீஸ்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

டி.வி.யில் பூட்டைத் திருப்பிய பெண் இப்போது எதிர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். தையல் கம்பெனியில் பன்னிரண்டாம் நம்பர் மெஷின் அவளுடையது. அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பன்னெண்டு என்றால் அவள்தான்.

"முதல்ல இருந்து சொல்லும்மா. சுருக்கமா," என்றாள் அண்ணி.

"அன்னிக்கு மோட்டார் ரூம்ல புகை. அவசரக் கதவு பூட்டியிருந்துச்சு. எப்பவுமே பூட்டித்தான் வைப்பாங்க. மேனேஜர் மேசையில இருந்த சாவியைப் பிடுங்கிட்டுப் போய் நான் திறந்தேன். அதுக்குள்ள மூணு பேர் மயங்கி விழுந்துட்டாங்க. ஒருத்தி இன்னும் ஆஸ்பத்திரியில இருக்கா."

"கம்பெனி என்ன சொல்லுது?"

"போராட்டம் பண்றேன்னு எல்லாரையும் உள்ள வச்சுப் பூட்டினதே நான்தானாம். வாட்ச்மேன் வெளியில இருந்து பூட்டை உடைச்சுக் காப்பாத்தினாராம். மேனேஜர் அன்னிக்கு ஆபீஸ்லயே இல்லையாம்."

பக்கத்து மெஷின்காரி போனில் எடுத்த படம் இது. இணையத்தில் போட்டாள். இரண்டே நாளில் மிரட்டல் வந்தது, படத்தை நீக்கிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். நல்லவேளையாக, அதற்கு முன்பே பன்னிரண்டு ஒரு டிஸ்க் கடைக்குப் போய் அதை டவுன்லோட் செய்யச் சொல்லி, இரண்டு டிஸ்க்காகப் போட்டு வாங்கிவிட்டாள். தொழிலாளர் விசாரணை அலுவலகத்தில் பென் டிரைவ் என்றால் வைரஸ் வரும் என்று பயம். டிஸ்க்கைத் தவிர எதையும் வாங்க மாட்டார்கள். ஒன்றை அங்கே கொடுத்தாள், ஒன்று கையில் இருக்கிறது. போன வாரம் விசாரணையில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டிலும் சத்தமே இல்லை.

"போன்ல பார்த்தப்போ சத்தம் இருந்துச்சா?"

"மேனேஜர் பேசினது, நான் பேசினது, எல்லாம் தெளிவா இருந்துச்சு மேடம். என் காதால கேட்டேன்."

சத்தம் இருந்தால் திறந்தவள். சத்தம் இல்லாவிட்டால் பூட்டியவள். கம்பெனி வக்கீல் விவரமான ஆள். அந்த ஊமைப் படத்தைத் தங்கள் தரப்பு ஆதாரமாகவே ஏற்றுக்கொண்டு விட்டார். இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை. தோற்றால் வேலை போவதோடு முடியாது, மூன்று பேர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகப் போலீஸ் வழக்கு வரும்.

"தவறுதலாகப் பூட்டிவிட்டேன், மன்னிக்கவும்னு ஒரு கடிதம் கொடுத்தா விட்டுடறாங்களாம். அவங்களே டைப் பண்ணிக் கொடுத்திருக்காங்க," என்றாள் பன்னிரண்டு.

"எங்க அது?"

"டிபன் பாக்ஸுக்கு அடியில வச்சுக்கிட்டேன். குழம்பு கசியுது."

ஸ்பீக்கருக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

அண்ணி பிளேயரிலிருந்து டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். வெள்ளை முகப்பில் மார்க்கரால் ஒரு சின்னக் கிறுக்கல் இருந்தது. முதலில் ஒரு கோடு. அதன் பக்கத்தில் ஓர் எழுத்து: 'பே'.

"இது என்ன?"

"தெரியலை மேடம். அங்க கொடுத்த டிஸ்க்லயும் இதே மாதிரிதான் இருந்துச்சு."

ஸ்பீக்கர் கண்ணை மூடி யோசித்தான். அவன் யோசிக்கிறான் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவன் கொள்கை. "உங்க மேனேஜரை நீங்கள்லாம் தனியா இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பேய்னு சொல்லுவோம்."

"முடிஞ்சுது அண்ணி. 'பே'ன்னா பேய். பேய்க்குப் போக வேண்டிய டிஸ்க்னு கடைக்காரன் அடையாளம் போட்டு வச்சிருக்கான். சத்தத்தை நறுக்கிட்டு வித்துட்டான். அந்தக் கோடு என்ன தெரியுமா? இந்த அம்மா தலையில போட்ட கோடு."

"பேய்க்கு 'ய்' எங்கடா?"

"அவசரத்துல விட்டிருப்பான்."

"இரண்டு டிஸ்க்லயும் அவசரமா? வா, கடைக்குப் போய் அவரையே கேட்கலாம்."

*

கடைக்காரர் கடையில் இல்லை. அவர் மனைவி இருந்தார். மின்சாரமும் இல்லை. ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய கடை அது. சுவர் முழுக்க டிஸ்க்குகள் அடுக்கியிருந்தன. அந்த அம்மாள் காலி டிஸ்க் உறையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அவர் கல்யாண வீடியோ எடுக்கப் போயிருக்கார். இங்கேருந்து மூணு மணி நேரம். வீடியோ எடுக்கும்போது போனை அணைச்சுடுவார். சாயங்காலம்தான் போடுவார்," என்றார்.

மணி ஒன்று. ஸ்பீக்கர் தோளை அகலமாக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "உங்க வீட்டுக்காரருக்கும் தையல் கம்பெனி பேய்க்கும் என்னங்க சம்பந்தம்?"

"என்னது, பேயா?" அந்த அம்மாள் விசிறுவதை நிறுத்தினார். "யோவ், மந்திரிக்கறது அடுத்த தெருவுல. இங்க டிஸ்க் மட்டும்தான்."

"சத்தத்தை எடுக்க எவ்வளவு வாங்கினார்னு கேட்கறேன்."

இப்போது அந்த அம்மாள் எழுந்து நின்றார். எழுந்தால் ஸ்பீக்கரைவிட ஒரு சாண் உயரம். "நேத்துதான் அந்தக் கம்பெனி ஆளு ஒருத்தன் வந்தான். 'டவுன்லோட் செய்த ஃபைலிலேயே ஒலி இல்லை'ன்னு எழுதிக்கிட்டு வந்து, கையெழுத்துப் போடுன்னு நீட்டினான். எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். நான் டிகிரி முடிச்சவ. எங்க வீட்டுக்காரர் விலை போற ஆளா இருந்தா இந்தப் பொந்துல ஏன்யா உட்கார்ந்திருக்கோம்?"

ஸ்பீக்கரின் தோள் பழைய அகலத்துக்குத் திரும்பியது. வாசலில் நின்றிருந்த பன்னிரண்டு, "அதான் கேளுங்க அக்கா," என்றாள். கட்சி மாறிவிட்டாள் போலிருக்கிறது.

அண்ணி இந்த ரகளையில் கலந்துகொள்ளவில்லை. அலமாரியிலிருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா. எல்லாவற்றின் முகப்பிலும் அதே மார்க்கர், அதே கையெழுத்து. ஆனால் அவற்றில் கோடு இல்லை. 'பா பே' என்று இரண்டெழுத்து இருந்தது.

"ஸ்பீக்கர், இங்க வா. இதுக்கு உன் அகராதியில என்ன அர்த்தம்?"

"பா... பே..." அவன் தாடையைத் தடவினான். "பாதிப் பேய்."

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் கிறுக்கறதெல்லாம் அவருக்குத்தான் புரியும். நான் பில் போடறதோட சரி," என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்து, எதிர்முனையைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பல தடவை சொல்லிப் பழகிய அலுப்போடு பதில் சொன்னார். "ஆமா சார், கல்யாண டிஸ்க்ல எடுத்ததும் பாட்டுதான் வரும். உங்க மாமா பேசினது எங்கேயும் போகலை. ரிமோட்ல 'ஒலி'ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை ஒரு தடவை அழுத்துங்க. பாட்டு போயிட்டு பேச்சு வரும். திருப்பி அழுத்தினா பாட்டு."

போனை வைத்தார். அண்ணி கையிலிருந்த டிஸ்க்கோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் இன்ஷூரன்ஸ் காலத்துச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்தால் எங்கோ யாருக்கோ நேரம் சரியில்லை என்று ஸ்பீக்கருக்குத் தெரியும்.

"திருப்பிச் சொல்லுங்கம்மா. பாட்டு போயிட்டு?"

"பேச்சு வரும்."

"பா, பே," என்றாள் அண்ணி.

ஸ்பீக்கர் வாயைத் திறந்தான், மூடினான். அவன் வாழ்க்கையில் இது அடிக்கடி நடப்பதில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு டிஸ்க்லயும் இரண்டு ஒலி வைக்கிறார். முதல் இடத்துல பாட்டு. இரண்டாவது இடத்துல நிஜமாப் பேசினது. சரியா?"

"ஆமா. பந்தியில பேசற பேச்சைக் கேட்டா கல்யாணமே நின்னுடும்னு சொல்லுவார். அதனால மேல ஒரு பாட்டைப் போட்டுடுவார். கேட்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு அடியில பேச்சு இருக்கும்."

"இந்தப் பொண்ணோட டிஸ்க்குக்கு?"

அந்த அம்மாள் பன்னிரண்டை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "நீதானா அது? அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னாரே. 'பாவம், வேலை போகப்போற பொண்ணு, இதுல போய் நான் பாட்டைப் போட்டா நல்லாவா இருக்கும்'னு. பாட்டை எடுத்துட்டேன்னார்."

"பாட்டை எடுத்தார். அந்த இடத்தை எடுக்கலை. பழக்கதோஷம்." அண்ணி மார்க்கர் கோட்டை விரலால் தொட்டாள். "பாட்டு இல்லைங்கறதுக்குத்தான் இந்தக் கோடு. முதல் இடம் காலி. எந்தப் பிளேயர்ல போட்டாலும் எடுத்ததும் அந்தக் காலியைத்தான் கேட்போம். பேச்சு இரண்டாவது இடத்துல பத்திரமா உட்கார்ந்திருக்கு."

"அப்ப அவன் நல்லவனா?" என்றான் ஸ்பீக்கர். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினையே."

பன்னிரண்டு சிரிக்கவில்லை. "போட்டுப் பார்த்துடலாமா மேடம்?"

எல்லாரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே நின்றுகிடந்த மின்விசிறியைப் பார்த்தார்கள். தெரு முழுக்க மின்சாரம் இல்லை. மூன்று மணிக்குத்தான் வருமாம். விசாரணையும் மூன்று மணிக்கு. விசாரணை அலுவலகம் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது, இரண்டு பஸ் மாற வேண்டும். ஜெராக்ஸ் கடை மாடிக்குத் திரும்பிப் போய்ப் போட்டுப் பார்க்க நேரமில்லை.

"போட்டுப் பார்க்காமலே போறோம். நான் சொன்னது தப்பா இருந்தா எல்லார் முன்னாடியும் உனக்குத்தான் அவமானம். வேண்டாம்னா இப்பவே சொல்லு," என்றாள் அண்ணி.

"போன வாரமே பட்டாச்சு மேடம். பஸ்ஸுக்கு நேரமாகுது," என்றாள் பன்னிரண்டு.

*

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. தலைமாட்டில் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியவர். பக்கத்தில் டைப்பிஸ்ட். ஒரு பக்கம் கம்பெனி வக்கீலும் மேனேஜரும். மேனேஜர் ஒல்லியாக, சுத்தமாக, பேய் என்று சொல்ல முடியாத முகத்தோடு இருந்தார். மூலையில் ஒரு டி.வி., ஒரு பிளேயர், அவற்றுக்குக் காவலாக ஒரு குமாஸ்தா.

கம்பெனி வக்கீல் புன்னகையோடு தொடங்கினார். "மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்தீங்களாம்மா?"

"குழம்பு ஊத்திடுச்சு சார்," என்றாள் பன்னிரண்டு.

அண்ணி எழுந்தாள். "ஐயா, இவங்க சார்பா பேச எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கேன். வக்கீல் சாருக்கு ஒரே ஒரு கேள்வி. இந்த டிஸ்க்கை உங்க தரப்பும் ஆதாரமா ஏத்துக்கிட்டீங்க. இதுல இருக்கறது எல்லாம் நிஜம், எதுவும் சேர்க்கப்படலை, திருத்தப்படலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்பவும் அதுல உறுதியா இருக்கீங்களா?"

வக்கீல் சிரித்தார். "நூறு சதவீதம். படத்துலயே எல்லாம் தெரியுதே. சாவி, பூட்டு, இந்த அம்மா கை."

"அதைப் பதிவு பண்ணிக்கலாமா ஐயா?"

அதிகாரி தலையசைத்தார். டைப்பிஸ்ட் அடித்தார். ஸ்பீக்கர் மனசுக்குள் வக்கீலுக்கு ஒரு மாலை போட்டான்.

"இப்ப டிஸ்க்கைப் போடுங்க. ரிமோட்டையும் கொடுங்க."

குமாஸ்தா ரிமோட்டை எடுத்துக் காட்டினார், கொடுக்கவில்லை.  பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்கு மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஓட்டு, நிறுத்து என்ற இரண்டு பட்டன்களுக்கு மட்டும் ஜன்னல் வெட்டி வைத்திருந்தார்.

"கண்ட கண்ட பட்டனை அழுத்திக் கெடுத்துடறாங்க. ஆறு வருஷமா இப்படித்தான் காப்பாத்திட்டு வரேன்," என்றார் குமாஸ்தா பெருமையாக.

"அண்ணே, உங்க கையைத் தொட்டுக் கேட்டுக்கறேன். அந்த டேப்பை எடுங்க," என்றான் ஸ்பீக்கர். அவனுக்குத் தெரிந்த மிக மெல்லிய குரலில்தான் சொன்னான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அரசாங்கப் பொருள்," என்றார் குமாஸ்தா.

"ஆட்சேபம்," என்றார் வக்கீல். அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் மூக்கில் வியர்த்துவிட்டது. "போன வாரம் பார்த்த மாதிரியேதான் பார்க்கணும். புதுசா எந்தப் பட்டனையும் அழுத்தக் கூடாது."

பன்னிரண்டு எழுந்தாள். நேராகக் குமாஸ்தாவிடம் போய்க் கையை நீட்டினாள். "குடுங்க சார்."

"யாரம்மா நீ? போய் உட்காரு."

"உட்காருன்னு அன்னிக்கும் ஒருத்தர் சொன்னார். உட்கார்ந்திருந்தா நாற்பது பேர் செத்திருப்பாங்க." அவள் குரல் உயரவில்லை. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. "டேப்தானே சார். நானே கூட ஒட்டித் தரேன். ஒட்டற வேலை, தைக்கற வேலை எல்லாம் எனக்கு வரும்."

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "கொடுங்கய்யா," என்றார்.

அவள் நகத்தால் டேப்பைக் கிழித்தாள். ஆறு வருஷத்து டேப், லேசில் வரவில்லை. அது கிழியும் சத்தத்தைத் தவிர அறையில் எதுவும் கேட்கவில்லை. 'ஒலி' என்ற பட்டன் புத்தம் புதிதாக இருந்தது.

படம் முதலிலிருந்து ஓடியது. புகை, மெஷின் வரிசை, அதே ஊமை வாய்கள். வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் பட்டனை அழுத்தினாள். திரையின் மூலையில் 'ஒலி 2' என்று வந்தது. ஒரு விநாடி எதுவும் இல்லை. ஸ்பீக்கர் தனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும், தெரியாத சிலரையும் கூப்பிட்டான்.

பிறகு அறை அதிர்ந்தது.

நாற்பது மெஷின்களின் இரைச்சல், இருமல், அலறல். அவற்றுக்கு நடுவே ஓர் ஆண் குரல்: "மோட்டார் புகைதான். எல்லாரும் உட்காருங்க. அந்தக் கதவைத் தொட்டா வேலை இருக்காது, புரியுதா இல்லையா?"

"சாவியைக் குடுங்க சார்." இது அவளுடைய குரல்.

"உட்காருன்னு சொன்னேன்."

"உட்கார மாட்டேன்." ஏதோ கீழே விழுந்து உடைந்தது. ஓடும் காலடி. சாவி பூட்டில் உரசியது. 'கிளக்'. துருப்பிடித்த கதவு கீச்சென்று நீளமாகத் திறந்தது, அதற்குப் பின்னால் தெருவின் ஹாரன் சத்தம் உள்ளே வந்தது. "திறந்துட்டேன். வாங்க, வாங்க, இந்தப் பக்கம். குனிஞ்சு வாங்க."

வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். "இந்தக் குரல் யாருடையதுன்னு யாருக்குத் தெரியும்? முகம் தெரியலை. எங்க மேனேஜர் அன்னிக்கு அங்கேயே இல்லை. இது யாரோ வெளியாள் குரல்."

"முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க," என்று மேனேஜர் வக்கீலின் கையைப் பிடித்து இழுத்தார். "நிறுத்தினாத்தான் பேச முடியும், புரியுதா இல்லையா?"

டைப்பிஸ்ட்டின் கை அந்தரத்தில் நின்றது. அதிகாரி டி.வி.யைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். வக்கீல் மேனேஜரின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். ஸ்பீக்கருக்கு ஒரு நல்ல வசனம் நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"எதுவும் சேர்க்கப்படலைன்னு நீங்கதான் நூறு சதவீதம் சொல்லியிருக்கீங்க. பதிவாகியிருக்கு," என்றாள் வக்கீலிடம்.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, பேசி முடிச்சுக்கலாம். நாளைக்கே அந்த அம்மா வேலைக்கு வரட்டும். டிஸ்க்கை இப்ப நிறுத்திடலாம்."

"நிறுத்தாதீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு," என்றாள் பன்னிரண்டு. ரிமோட் அவள் கையில் இருந்தது. "ஒரு வாரமா படத்தை மட்டும் பார்த்துட்டு என்னைக் குற்றவாளின்னீங்க. மயங்கி விழுந்தவங்க எப்படிக் கூப்பிட்டாங்கன்னு இதுல இருக்கு. கேட்டுட்டுப் பேசலாம்."

கேட்டார்கள். மூன்று நிமிஷமும் அந்த அறையில் யாரும் இருமக்கூட இல்லை. ஸ்பீக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அதை மறைக்கவில்லை.

முடிந்ததும் அதிகாரி பழைய பதிவைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். 'கதவைப் பூட்டினார்' என்று போன வாரம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, டைப்பிஸ்ட்டிடம் சொன்னார். "அந்த வார்த்தையை எடுத்துட்டு 'திறந்தார்'னு போடுங்க."

"எடுக்காதீங்க சார்," என்றாள் பன்னிரண்டு.

அதிகாரி நிமிர்ந்தார்.

"'பூட்டினார்' அப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு கோடு அடிங்க. பக்கத்துல 'திறந்தார்'னு எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல, பூட்டினாள்னு பொய் சொன்னது யாருன்னும் எழுதுங்க. நாளைக்கு எவளாவது ஒருத்தி கதவைத் திறக்கணும்னா, இதைப் படிச்சுட்டுத் திறப்பா."

 அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"உங்க முழுப் பெயரைச் சொல்லுங்க," என்றார். "சத்தமா."